மண்ணுக்குள் ஒரு மூச்சு: பதுங்குகுழியின் காற்றுக்குழாய் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற மாத இதழில் ஒரு வாசகர், 1941ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் சீனாவின் சோங்சிங் நகரச் சுரங்கப் புகலிடத்தில் அத்தனை பேர் இறந்தது எப்படி என்று கேட்டிருந்தார். ஜப்பானிய விமானங்கள் மணிக்கணக்கில் தாக்கிக்கொண்டிருந்ததால் வெளியேற இயலாமல், கொள்ளளவுக்கு மேல் அடைந்து கிடந்த மக்களுக்குப் போதிய காற்று உள்ளே வரவில்லை என்றும், மூச்சுத் திணறியும் வாயிலில் நெரிபட்டும் மாண்டவர்கள் அரசு விசாரணையின் கணக்குப்படியே ஆயிரத்தை ஒட்டியவர்கள் என்றும் விடை எழுதியிருந்தேன். பதுங்குமிடம் அமைப்பவர் கூரையைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்குக் காற்றுக்குழாயைப் பற்றியும் கவலைப்பட வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றியே இம்முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: 2008ஆம் ஆண்டு நாங்கள் வன்னியில் இருந்தபோது வீட்டு வளவுக்குள் அப்பாவும் அண்ணாவும் ஒரு பங்கர் வெட்டினார்கள். எட்டு அடி நீளம், நாலு அடி அகலம், குனிந்து நிற்கக்கூடிய ஐந்து அடி உயரம். வாசல் ‘ட’ வடிவில் திரும்பும். மேலே பனங்குற்றிகளை நெருக்கி அடுக்கி, அதற்குமேல் உரப்பைகளில் மண் நிரப்பிப் போட்டிருந்தார்கள். கிபிர் போர்விமானம் வரும் சத்தம் கேட்டதும் ஆறு பேரும் உள்ளே ஓடுவோம். அரை மணிக்குள் உடம்பெல்லாம் வியர்த்து, தலை பாரமாகி, தம்பி வெளியே போக வேண்டும் என்று அழத் தொடங்கிவிடுவான். அம்மா வாசல் திருப்பத்தில் இருந்துகொண்டு பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே இருப்பார். அதனால் ஏதும் பயன் இருந்ததா? ஒரு குழாய் வைத்திருந்தால் நிலைமை மாறியிருக்குமா? வைப்பதென்றால் எப்படி வைத்திருக்க வேண்டும்? (வாசகி, கிளிநொச்சி)

பதில்: அன்புச் சகோதரிக்கு, தங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். தாங்கள் தந்துள்ள அளவுகளை வைத்தே விடை சொல்லிவிடலாம்.

எட்டு, நாலு, ஐந்து என்று பெருக்கினால் 160 கன அடி. ஆறு பேரின் உடல் அடைக்கும் இடத்தைக் கழித்தால் ஏறத்தாழ 4,200 லிட்டர் காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு 20 லிட்டர் அளவு கரியமில வாயுவை வெளியிடுகிறார். ஆறு பேருக்கு 120 லிட்டர். வாசலும் அடைபட்டுவிட்டதாக வைத்துக்கொண்டால், 20 நிமிடத்தில் அந்த வாயு நூற்றுக்கு ஒன்று என்ற அளவை எட்டும். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கு மூன்றைத் தொடும். வெளிக்காற்றில் அது நூற்றுக்கு 0.04 மட்டுமே இருக்கிறது. நூற்றுக்கு மூன்று என்ற அளவில் மூச்சு தானாகவே ஆழமாகும், தலை வலிக்கும், காரணம் தெரியாத ஒரு பதைப்பு உண்டாகும். ஐந்தில் மூச்சு வாங்கும். அதற்கும் மேலே போனால் நினைவு தவறும். பிராண வாயு தீர்ந்துபோவதால் மூச்சு முட்டுகிறது என்றே பலரும் நினைக்கிறோம். தங்கள் குழியில் ஒரு மணி நேரம் கழித்தும் பிராண வாயு நூற்றுக்கு 21 என்ற அளவிலிருந்து பதினேழரை அளவுக்கே இறங்கியிருக்கும். நாம் வெளியே விட்ட மூச்சு போக வழியில்லாமல் நம்மையே திரும்ப வந்து சேர்வதுதான் முதலில் வதைக்கிறது. தங்கள் தம்பி அழுதது குழந்தையின் பயத்தால் மட்டும் அன்று. அவன் உடம்பு சரியாகவே எச்சரித்திருக்கிறது. தங்கள் வாசல் திறந்திருந்ததால் நிலைமை அந்த எல்லைக்குப் போகவில்லை.

அடுத்தது வெப்பம். ஓர் ஆள் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார்; ஆறு பேர் இருக்கும் குழியில் ஓர் இஸ்திரிப் பெட்டி அணையாமல் எரிவது போன்ற நிலை. முதலில் மண்சுவர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். பிறகு சுவரும் சூடேறி, வியர்வை காயாமல் காற்றே ஈரமாகிவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் 1960களிலிருந்து இதை ஆராய்ந்த கிரசன் கியர்னி என்பவர், குளிர் காலத்தில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 3 கன அடிப் புதுக்காற்று போதும் என்றாலும், கடும் புழுக்கமான காலத்தில் நெருக்கியடித்த புகலிடத்தில் ஒருவருக்கு 40 கன அடி வரை தேவைப்படும் என்று கணக்கிட்டார். பதின்மூன்று மடங்கு. மூச்சுக்குத் தேவையான காற்று வேறு, உடம்பு ஆறுவதற்குத் தேவையான காற்று வேறு என்பதை வெப்ப நாட்டில் பதுங்குகுழி அமைக்கும் எவரும் மறக்கக் கூடாது.

இனி குழாய். ஒரு குழாய் வைத்தால் அது பெரும்பாலும் வீண். காற்று உள்ளே வருவதற்கு ஒன்று, வெளியே போவதற்கு ஒன்று என்று இரண்டு வேண்டும். ஒன்றுக்கொன்று எதிர்க் கோடியில் இருக்க வேண்டும். உள்ளே வரும் குழாய் குழியின் தரைக்கு ஓர் அடி உயரம் வரை இறங்கி முடிய வேண்டும். வெளியே போகும் குழாய் கூரையின் அடிப்பக்கத்தை ஒட்டித் தொடங்கி, வெளியே மற்றதைவிட உயரமாக நிற்க வேண்டும். உடம்புச் சூட்டால் இலேசாகும் காற்று மேலே ஏறி வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று கீழ்வழியாக வரும். உக்ரைன் நாட்டுக் கிராமங்களில் உருளைக்கிழங்கு சேமிக்கும் நிலவறைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் இரட்டைக் குழாய் வைக்கிறார்கள்.

விட்டம் எவ்வளவு? பத்து அடி உயர வேறுபாடும், உள்ளுக்கும் வெளிக்கும் ஐந்து பாகை வெப்ப வேறுபாடும் இருந்தால், உராய்வையும் வளைவுகளையும் கழித்த பிறகு காற்று விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் என்று கொள்ளலாம். அந்த வேகத்தில் 4 அங்குலக் குழாய் மணிக்கு 15,000 லிட்டர் அளவு காற்றைத் தரும். ஆறு பேரின் மூச்சுக்கு வேண்டியது 30,000 லிட்டர். ஆகவே கடையில் எளிதாகக் கிடைக்கும் 4 அங்குலக் குழாய் பாதித் தேவைக்கே போதும்; 6 அங்குலக் குழாய் ஒரு சோடி வைத்தால்தான் கணக்கு நேராகும். விட்டம் ஒன்றரை மடங்கானால் பரப்பு இரண்டே கால் மடங்காகிவிடுவதால், கூடுதல் செலவுக்கு மேலான பலன் உண்டு.

ஆனால் ஒரு சிக்கலை மறைக்க விரும்பவில்லை. இந்த இயல்பான ஓட்டம் இரவில் நன்றாக நடக்கும். வெளியே குளிர்ந்தும் உள்ளே சூடாகவும் இருக்கும். வன்னியில் சித்திரை மாத நடுப்பகலில் வெளியே 35 பாகை, குழியின் மண்சுவர் 28 பாகை என்றால், குளிர்ந்த கனமான காற்று அடியிலேயே படுத்துவிடும். குழாய் இருந்தும் காற்று அசையாது. விமானம் வருவதோ பகலில். அப்போது கையால்தான் காற்றைத் தள்ள வேண்டும்.

இங்கேதான் தங்கள் அம்மாவின் விசிறி வருகிறது. கியர்னி செய்த கைப்பம்பு ஒன்று அவர் பெயராலேயே அறியப்படுகிறது. மரச்சட்டம் ஒன்றை வாசலின் மேல்விளிம்பில் கீல் வைத்துத் தொங்கவிட்டு, அதன் ஒரு முகத்தில் பிளாஸ்டிக் தாள் மடிப்புகளை வரிசையாக ஒட்டி, கயிற்றால் ஊஞ்சல் போல இழுப்பார்கள். இழுக்கும்போது மடிப்புகள் மூடிக்கொண்டு காற்றைத் தள்ளும்; திரும்பும்போது திறந்துகொண்டு காற்றுக்கு வழிவிடும். பழைய அரசு அலுவலகங்களில் கூரையிலிருந்து தொங்கிய இழுவிசிறியைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். அது வேலை செய்வதற்கு முதல் நிபந்தனை, காற்று நுழையும் வாயில் அது நிற்க வேண்டும் என்பது. குழியின் மூலையில் இருந்து விசிறினால் கெட்ட காற்றே சுற்றிச் சுற்றி வரும், வியர்வை மட்டும் சற்று ஆறும். வாசல் திருப்பத்தில் இருந்து விசிறினால் உள்காற்றும் வெளிக்காற்றும் இடம் மாறும். தங்கள் அம்மா எந்தக் கணக்கும் பார்க்காமல் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். எதிர்க் கோடியில் ஒரு திறப்பு மட்டும் இருந்திருந்தால் அவர் விசிறியின் பயன் பன்மடங்காகியிருக்கும்.

அந்தத் திறப்பு குழாயாக இல்லாமல் இரண்டு அடிச் சதுரத்தில் ஒரு மாற்று வாசலாகவே இருந்திருந்தால் இன்னும் நன்று. ஒரு வாய் மண் சரிந்து மூடினாலும் மற்ற வாயால் வெளியேறலாம். வியட்நாமின் குவாங் திரி மாகாணத்தில் வின் மொக் ஊர் மக்கள் 1960களின் பிற்பகுதியில் குடைந்த சுரங்கங்களில் 13 வாயில்கள் வைத்ததும், தனியே காற்றுக்கிணறுகள் தோண்டியதும் இதனால்தான். அந்தச் சுரங்கங்களுக்குள் 17 குழந்தைகள் பிறந்தன.

குழாய் பொருத்தும் விதத்தில் சில நுட்பங்கள் உண்டு. கூரைக் குற்றிகளை வெட்டித் துளையிடாமல், குழியின் கோடிச் சுவரின் மேற்பகுதி வழியாகக் குழாயை எடுத்துச் செல்ல வேண்டும். பனங்குற்றியின் பலமே அது முழுதாக இருப்பதில்தான். மண் நாளடைவில் அமுங்கும் என்பதால், சுவரைத் துளைக்கும் இடத்தில் சற்றுப் பெரிய குழாய்த்துண்டு ஒன்றை உறையாகப் பதித்து, அதனுள் காற்றுக்குழாயைச் செருகி, இடைவெளியைத் தார்ச்சாக்குத் துணியால் அடைத்தால் குழாய் முறியாது. கிடையாக ஓடும் பகுதி வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். இல்லையெனில் குழாய்க்குள் ஊறும் நீர் படுத்திருப்பவர் தலையில் சொட்டும். வெளிவாய் மழை வெள்ளம் எட்டும் உயரத்துக்கு மேலே, கைத்தடியின் வளைந்த பிடி போலக் கீழ்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு உண்மை ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: பனங்குற்றிக் கூரையின் மேல் விமானக் குண்டு நேராக விழுந்தால் எந்தக் குழாயும் காக்காது. அருகில் விழும் குண்டின் சிதறல்களிலிருந்து தங்களைக் காத்தது தங்கள் தந்தையும் அண்ணனும் அடுக்கிய மண்தான். குழாய் இருந்திருந்தால், உள்ளே கழித்த மணிநேரங்கள் தாங்கக்கூடியவையாக இருந்திருக்கும். பொறுக்க முடியாமல் இடையில் எழுந்து வெளியே ஓடும் ஆபத்தும் குறைந்திருக்கும்.

கேள்வி: காற்று வரும் வழியாக வெடிப்பின் அழுத்தமும் உள்ளே வந்துவிடாதா? குழாயை இரண்டு இடங்களில் வளைத்துவிட்டால் போதுமா? பிவிசி குழாய் நல்லதா, இரும்புக் குழாய் நல்லதா? (பொறியியல் மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: வரும். வெடிப்பலை என்பதே காற்றின் அழுத்தம்தான்; காற்று போகும் இடமெல்லாம் அதுவும் போகும். வளைவு வைப்பதால் நேர்கோட்டில் பாயும் சிதறல்கள் தடுக்கப்படும், அழுத்த அலையோ வளைவில் சிறிதளவே தணிந்து திரும்பி ஓடிவிடும். இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதி, வளைத்துவிட்டோம் என்று நிம்மதியடைவது இத்துறையில் பரவலான தவறு.

உள்ளே எவ்வளவு அழுத்தம் ஏறும் என்பது, அலை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைப் பொறுத்தது. மேலே சொன்ன 160 கன அடிக் குழிக்கு 6 அங்குலக் குழாய் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். சாதாரண விமானக் குண்டின் அழுத்தம் ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம் நீடித்தால், அதற்குள் குழாய் வழியே புகும் காற்று குழியின் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. உள்ளே இருப்பவருக்குக் காது அடைக்கும், அவ்வளவே. பெரிய அணுகுண்டின் அழுத்தமோ ஒரு விநாடிக்கு மேலும் நீடிக்கக்கூடியது. அதற்குள் வெளி அழுத்தத்துக்கு ஏறத்தாழச் சமமாக உள்ளும் நிரம்பிவிடும். சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு அளவில் செவிப்பறை கிழியத் தொடங்குகிறது. எனவேதான் அணுத் தாக்குதலைக் கருதிக் கட்டும் புகலிடங்களில் குழாய் வாயில் வெடிப்பு வால்வு கட்டாயமாகிறது.

அந்த வால்வின் அமைப்பு எளியது. ஓர் உலோகத் தட்டு, வில்சுருள்களால் இருபுறமும் சற்று இடைவெளி விட்டு நிறுத்தப்பட்டிருக்கும். சாதாரணக் காற்று தட்டைச் சுற்றி நழுவி உள்ளே வரும். வெடிப்பலை மோதியதும் தட்டு பின்னால் தள்ளப்பட்டு இருக்கையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் இது நடந்து முடிய வேண்டும். அழுத்தம் கடந்ததும் வெளியே உறிஞ்சும் விசை ஒன்று வரும் என்பதால் எதிர்த்திசையிலும் அது மூடிக்கொள்ள வேண்டும். பழைய டயரின் மேல்தோலைப் பட்டைகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அடுக்கி, வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு வால்வையும் கியர்னி வடிவமைத்தார். அமெரிக்காவின் வெள்ளை மணல் சோதனைத் திடலில் 1976ஆம் ஆண்டு 600 டன்னுக்கு மேற்பட்ட வெடிபொருளை வெடித்து நடத்திய சோதனையில், கையால் தோண்டி அமைக்கும் இத்தகைய புகலிடங்களின் உறுதியை அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்தார்கள். ஜெர்மனியில் பனிப்போர்க் காலத்தில் கட்டிய புகலிடங்களில் வேறொரு வழியைக் காணலாம்: உள்ளே வரும் காற்றைப் பருமணல் நிரப்பிய பெரிய தொட்டியின் வழியாக இழுத்தார்கள். நகரம் தீப்பற்றி எரியும்போது வரும் சூடான காற்றை அந்த மணல் குளிரவைக்கும்.

தங்கள் கேள்வியில் விடுபட்ட ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு அடி அகலமும் நாலு அடி உயரமும் உள்ள வாசல், 6 அங்குலக் குழாயைப்போல் நாற்பது மடங்கு பரப்புள்ளது. குழாய்க்கு வால்வு வைத்துவிட்டு வாசலுக்குச் சாக்குத் திரை தொங்கவிடுவது, சன்னலைத் தாழிட்டுவிட்டுக் கதவைத் திறந்துபோடுவதற்குச் சமம். கதவைத் தீர்மானித்த பிறகே குழாய்க்கு வர வேண்டும்.

பிவிசியா இரும்பா என்பதற்கு, மண்ணுக்குள் பிவிசி, மண்ணுக்கு மேல் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் என்பதே என் விடை. புதைந்த பகுதியில் இரும்பு துருப்பிடிக்கும், பிவிசி கெடாது. வெளியே நிற்கும் பகுதியில் பிவிசி வெயிலில் நொறுங்கும் தன்மை அடையும், சிதறல் பட்டால் சில்லாகும். உட்புற வாயை எவர் முகத்துக்கும் நேராகத் திருப்பக் கூடாது. வால்வு மூடுவதற்குள் பீறிடும் காற்று, குழாய்க்குள் கிடந்த மண்ணையும் கல்லையும் அள்ளிக்கொண்டு வரும். வாய்க்கு முன்னால் ஒரு சாண் இடைவெளியில் கனத்த பலகையொன்றைத் தடுப்பாக அறைந்துவிட வேண்டும்.

கேள்வி: என் மகன் கார்கிவ் நகரில் மருத்துவம் படித்தான். 2022 பிப்ரவரி இறுதியில் போர் தொடங்கியதும் விடுதியின் அடித்தளத்தில் பல நாள்கள் நூற்றுக்கணக்கானவர்களோடு அடைந்து கிடந்தான். காலையில் விழிக்கும்போதெல்லாம் தலைவலி இருந்தது என்றும், எவரும் சண்டையின்றிப் பேச இயலவில்லை என்றும் இன்றும் சொல்கிறான். அது பயத்தாலா, காற்றாலா? மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்களாம். அது எரிந்துகொண்டிருந்தால் காற்று நன்றாக இருக்கிறது என்று நம்பலாமா? (ஒரு தாய், நாமக்கல்)

பதில்: அம்மா, இரண்டாலும்தான் என்றே நினைக்கிறேன். தூங்கும் இரவு முழுவதும் கரியமில வாயு சேர்ந்துகொண்டே போவதால், அத்தகைய தலைவலி விடியற்காலையில்தான் மிகும். வெளியே ஓரிரு மணி நேரம் நின்றதும் விட்டுப் போயிருந்தால் அது காற்றின் வேலை. தங்கள் மகனுக்கு நிலையான கேடு எதையும் அது வைத்திருக்காது, கவலை வேண்டாம்.

அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில், செர்னிகிவ் நகருக்கு அருகே யாகித்னே என்ற சிற்றூரில், ஊர் மக்கள் 350 பேருக்கு மேல் பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் ரஷ்யப் படையினரால் ஏறத்தாழ நாலு வாரம் அடைத்து வைக்கப்பட்டார்கள். அங்கே இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். உடன் இருந்தவர்கள் இறந்தவர்களின் பெயர்களையும் நாள்களையும் சுவரில் எழுதி வைத்தார்கள். காற்றில்லாமையால் வலுவானவர்களுக்குத் தலைவலி வரும் அளவில், நுரையீரலும் இதயமும் தளர்ந்த முதியவர்களுக்கு உயிரே போய்விடும் என்பதற்கு அந்தச் சுவரைவிடச் சான்று வேண்டியதில்லை.

மெழுகுவர்த்தியை நம்பக் கூடாது. பழங்கிணற்றில் இறங்கும் முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது என்பது மிகச் சரி. ஆனால் அணையாவிட்டால் இறங்கலாம் என்பது சரியன்று. தலைவலி தரும் அளவில் கரியமில வாயு இருக்கும்போதும் சுடர் நின்று எரியும். அதைவிடக் கொடிய கார்பன் மோனாக்சைடு எவ்வளவு இருந்தாலும் சுடர் அதைக் காட்டிக்கொடுக்காது. அதற்கு மணமும் இல்லை. 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரம் தீப்புயலில் எரிந்தபோது, இடிபடாத நிலவறைகளுக்குள் இருந்த பலர் அந்த வாயுவாலும் வெப்பத்தாலுமே இறந்தார்கள். மேலும், ஒரு மெழுகுவர்த்தி அரை ஆள் அளவு கரியமில வாயுவையும், ஏறத்தாழ ஓர் ஆள் அளவு வெப்பத்தையும் வெளியிடுகிறது. அரிக்கன் விளக்கு முழு ஆளுக்கும் மேல். பத்து மெழுகுவர்த்தி ஏற்றினால், இடமே இல்லாத அறைக்குள் இன்னும் ஐந்து பேரை அழைத்து உட்காரவைத்ததாகிறது. மின்கல விளக்கே பாதுகாப்பானது. டீசல் அல்லது பெட்ரோல் ஜெனரேட்டரைப் பதுங்குமிடத்துக்குள்ளும், காற்றுக்குழாயின் வெளிவாய்க்கு அருகிலும் எக்காரணம் கொண்டும் ஓடவிடக் கூடாது.

கேள்வி: மகள் வீட்டுக்காகச் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகருக்கு வந்திருக்கிறேன். அடுக்குமாடியின் நிலவறையில் ஓர் அடிக்கும் மேல் தடித்த கதவு. உள்ளே கைப்பிடியுடன் சுழற்றும் ஓர் இயந்திரமும், பக்கத்தில் பெரிய பீப்பாய் போன்ற ஒன்றும் இருக்கின்றன. மகள் அங்கே அரிசி மூட்டையும் பழைய மிதிவண்டியும் வைத்திருக்கிறாள். அவை என்ன? நாம் தொடலாமா? (வாசகர், மதுரையிலிருந்து சென்றவர்)

பதில்: தாங்கள் நிற்பது உலகிலேயே ஒழுங்காகத் திட்டமிட்ட புகலிடங்களில் ஒன்று. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, குடியிருப்போர் ஒவ்வொருவருக்கும் பதுங்குமிடம் இருக்க வேண்டும் என்று அந்நாடு ஏற்பாடு செய்தது. இன்று மக்கள்தொகைக்கும் மேலான இடங்கள் இருக்கின்றன. ஒருவருக்கு ஒரு சதுர மீட்டர் தரை, இரண்டரை கன மீட்டர் வெளி என்பது அளவு.

கைப்பிடி உள்ளது காற்றூதி. மின்சாரம் இருந்தால் மோட்டாரால் ஓடும், இல்லையென்றால் கையால் சுழற்றலாம். பீப்பாய் போன்றது தூளாக்கப்படாத கரித்துண்டுகள் அடங்கிய நச்சுவாயு வடிகட்டி. சாதாரண நிலையில் வடிகட்டியைத் தவிர்த்து ஒருவருக்கு மணிக்கு 6 கன மீட்டர் காற்றும், வெளியே நச்சு இருக்கும்போது வடிகட்டி வழியாக 3 கன மீட்டர் காற்றும் வரும்படி கணக்கிட்டிருக்கிறார்கள். 3 கன மீட்டரில் மூச்சு விடலாம், வசதியாக இருக்க முடியாது. காற்று உள்ளே தள்ளப்படுவதால் அறையின் அழுத்தம் வெளியைவிடச் சற்று அதிகமாக இருக்கும்; எனவே கதவிடுக்கில் கசிவு இருந்தாலும் உள்காற்று வெளியே கசியுமே ஒழிய, வெளிக்காற்று உள்ளே கசியாது. சுவரில் வட்டமான உலோக மூடி ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். மிகையான காற்றை வெளியே விட்டுக்கொண்டு, வெடிப்பின்போது அடைத்துக்கொள்ளும் வால்வு அது. வீட்டில் அமைக்கும் பதுங்குகுழிகளில் பெரும்பாலும் கிடைக்காத ஒழுங்கு இதுதான்: காற்று எந்த வழியாக வர வேண்டும் என்பதைப் போலவே, எந்த வழியாகப் போக வேண்டும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறார்கள்.

அரிசி மூட்டை வைப்பதில் தவறில்லை. அமைதிக் காலத்தில் பண்டக அறையாகப் பயன்படுத்த அனுமதி உண்டு. உத்தரவு வந்தால் ஐந்து நாளுக்குள் ஒழித்துத் தர வேண்டும் என்பது விதி. வடிகட்டியின் முத்திரையை மட்டும் உடைக்கக் கூடாது. ஒருமுறை காற்றுப் பட்டால் கரி தன் ஆற்றலைச் சிறிது சிறிதாக இழக்கத் தொடங்கும். அந்தக் கரி கார்பன் மோனாக்சைடைப் பிடித்து வைக்காது என்பதையும் மகளிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: குழாய்க்குள் பாம்பும் எலியும் புகாமல் இருக்கக் கொசுவலை கட்டலாமா? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: வெளிவாயில் கொசுவலை வேண்டாம். மெல்லிய கண்கள் காற்றைப் பெரிதும் தடுக்கும். சில வாரத் தூசியில் முழுவதும் அடைத்துக்கொள்ளும். விரல் நுழையாத அளவு கண்ணுள்ள கெட்டியான கம்பிவலையை வெளியே பற்றவைத்துவிட்டு, கொசுவலையைக் கழற்றி உதறக்கூடிய சட்டத்தில் உள்வாயில் மாட்டுங்கள். மாதம் ஒருமுறை உள்வாயில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். கதவை மூடி, ஆட்கள் உள்ளே இருக்கையில், நடுப்பகலில் ஒருமுறையும் நள்ளிரவில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். வரும் குழாயில் புகை உங்கள் பக்கமும், போகும் குழாயில் புகை குழாயின் பக்கமும் சாய வேண்டும். இரண்டிலும் நேராக மேலே எழுந்தால் காற்று நின்றுவிட்டது என்று பொருள்.

கேள்வி: முதல் கடிதத்திலேயே ஒரு பின்குறிப்பு எழுத மறந்துவிட்டேன். அந்தப் பங்கர் பாதி தூர்ந்த நிலையில் இன்னும் வளவுக்குள் இருக்கிறது. மேலே பனங்குற்றிகள் உளுத்துப்போய், உள்ளே இலைதழை நிறைந்து கிடக்கிறது. பேரப்பிள்ளைகள் அதற்குள் ஒளிந்து விளையாடப் பார்க்கிறார்கள். அம்மாவின் நினைவாக அதை அப்படியே விட்டு வைக்க விரும்புகிறேன். விடலாமா? (கிளிநொச்சி வாசகி)

பதில்: சகோதரி, தங்கள் விருப்பம் எனக்கு விளங்குகிறது, ஆனால் மூடிய நிலையில் விட்டு வைக்க வேண்டாம். ஈரத்தில் அழுகும் இலைதழை பிராண வாயுவை உண்டு கரியமில வாயுவை வெளியிடும். அது காற்றைவிடக் கனமானது என்பதால் குழியின் அடியில், குனிந்து ஒளியும் ஒரு குழந்தையின் முகம் இருக்கும் உயரத்தில்தான் தேங்கும். உளுத்த குற்றிகள் எப்போது முறியும் என்றும் சொல்ல முடியாது. இன்றே வாசலை முள்வேலியால் அடைத்துவிடுங்கள். தாங்களாகவே கிளறவோ தூர்வாரவோ முற்படாமல், வெடிக்காத பொருள்கள் ஏதும் மண்ணில் உள்ளனவா என்று கண்ணிவெடி அகற்றும் பிரிவினரை அழைத்துப் பார்க்கச் செய்யுங்கள். அவர்கள் சரி என்று சொன்ன பிறகு, கூரைக் குற்றிகளை மேலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்து, குழியை வானம் பார்க்கத் திறந்துவிட்டு, ஒரு நாள் முழுவதும் காற்றாடிய பின்பே எவரும் உள்ளே இறங்க வேண்டும்; அப்போதும் மேலே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கங்களைச் சரிவாக வெட்டி, இடுப்பளவு ஆழம் மட்டும் எஞ்சும்படி மண் நிரப்பிவிட்டால் ‘ட’ வடிவம் அப்படியே தெரியும். தங்கள் அம்மா உட்கார்ந்திருந்த திருப்பம் எதுவென்று பிள்ளைகளுக்குக் காட்டலாம்.